கொடிக்கயிற்றைத் தொடும் முன்: முதன்முறை பொறுப்பேற்பவர்களுக்கு

"இந்த வருசம் கொடியேத்துற வேலைய நீங்களே பாத்துக்குங்க" என்று குடியிருப்போர் சங்கத்திலோ பனியன் கம்பெனியிலோ பள்ளியிலோ உங்களிடம் சொல்லியிருப்பார்கள். பெரும்பாலும் ஆகஸ்ட் 13ஆம் தேதி வாக்கில்தான் சொல்வார்கள். இரண்டு நாள் போதும், ஆனால் வேலையை 15ஆம் தேதி காலையில் தொடங்கினால் போதாது.

தேசியக் கொடிக்கு நேரும் அவமரியாதையை யாரும் வேண்டுமென்று செய்வது அபூர்வம். இறுகிப்போய் அவிழாத முடிச்சு, தலைகீழாகக் கட்டிய துணி, இறக்க மறந்து தை மாதத்தில் ஏற்றியது மாசி வரை வெளுத்துத் தொங்குவது, இவைதான் வழக்கமாக நடப்பவை. அதனால் கீழே உணர்ச்சியைவிடக் கயிறும் முடிச்சும்தான் அதிகம் வரும்.

விதிகள் இருக்கும் இடம் இரண்டு. ஒன்று, 2002 ஜனவரி 26 முதல் நடைமுறையில் உள்ள இந்தியக் கொடி விதித் தொகுப்பு. இன்னொன்று, தேசிய மரியாதைச் சின்னங்கள் அவமதிப்புத் தடுப்புச் சட்டம், 1971. பொது இடத்திலோ பிறர் பார்வையில் படும் இடத்திலோ கொடியை எரிப்பது, கிழிப்பது, மிதிப்பது, இழிவுபடுத்துவது ஆகியவற்றுக்கு இந்தச் சட்டத்தில் 3 ஆண்டுகள் வரை சிறை, அபராதம், அல்லது இரண்டும் உண்டு. கொடியை மரியாதையோடு பறக்கவிடுவது குடிமக்களின் கருத்துரிமைக்குள் அடங்கும் என்று 2004 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எனவே வீட்டில் ஏற்ற யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

துணியும் அளவும்

ஆகஸ்ட் நெருங்கும்போது திருப்பூர், ஈரோடு பக்கம் கொடிக்குப் பஞ்சமில்லை. பஞ்சம் சரியான கொடிக்குத்தான். முதலில் டேப்பை எடுத்து அளந்து பாருங்கள். நீளமும் அகலமும் 3க்கு 2 என்ற கணக்கில் இருக்க வேண்டும். 30 அங்குல நீளம் என்றால் 20 அங்குல அகலம்; 3 அடிக்கு 2 அடி; 6 அடிக்கு 4 அடி. 30க்கு 18 என்று துணியை மிச்சம் பிடித்து வெட்டியதும் கடையில் தொங்கும், எடுக்காதீர்கள். மூன்று பட்டைகளும் ஒரே அகலம். விதித் தொகுப்பு 6300க்கு 4200 மில்லிமீட்டரில் தொடங்கி, மேசையில் வைக்கும் 150க்கு 100 மில்லிமீட்டர் வரை ஒன்பது அளவுகளைச் சொல்கிறது. வீட்டுக்கு 900க்கு 600, பள்ளிக்கும் கம்பெனிக்கும் 1800க்கு 1200 எடுத்தால் கச்சிதமாக இருக்கும்.

அடுத்து சக்கரம். ஆரங்கள் 24. உட்கார்ந்து எண்ணுங்கள், இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நிறம் கடற்படை நீலம்; கறுப்போ வான நீலமோ அல்ல. 900க்கு 600 கொடியில் சக்கரத்தின் விட்டம் 185 மில்லிமீட்டர், 1800க்கு 1200 கொடியில் 370. வெள்ளைப் பட்டையின் நட்ட நடுவில், முட்டை வடிவமாக இழுபடாமல், இரு பக்கமும் தெளிவாகத் தெரிய வேண்டும். ஒரு பக்கம் மட்டும் பிரிண்ட் போட்டு மறுபக்கம் நிழல் போலத் தெரியும் கொடிகள்தான் அதிகம் ஏமாற்றுகின்றன. பழைய படங்களைப் பார்த்து ராட்டையைப் போட்டுவிடுபவர்களும் உண்டு. 1932 ஜனவரியில் திருப்பூர் ஊர்வலத்தில் தடியடி பட்டபோதும் சென்னிமலைக் குமரன் விடாமல் பிடித்திருந்தது ராட்டை போட்ட கொடி. இன்றைய சக்கரக் கொடியை அரசியல் நிர்ணய சபை ஏற்றது 1947 ஜூலை 22 அன்று.

எந்தத் துணி? முன்பு கையால் நூற்று, கையால் நெய்ததுதான் செல்லும். 2021 டிசம்பர் 30 திருத்தத்துக்குப் பிறகு பருத்தி, பாலியஸ்டர், கம்பளி, பட்டு, கதர் எல்லாமே செல்லும், இயந்திரத்தில் நெய்திருந்தாலும் சரி. கதர்க் கொடிதான் வேண்டும் என்றால் காதிக் கடைகளில் கேளுங்கள். கர்நாடகத்து ஹூப்ளியை அடுத்த பெங்கேரியில் தரச்சான்றோடு கதர்க் கொடி தயாராகிறது. நம்ம பக்கத்துக்கு எது தோது என்றால், அது மாதத்தைப் பொறுத்தது. ஆகஸ்ட் 15 வருவது ஆடி முடியும் தறுவாயில். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று உடுமலை, பல்லடம், தாராபுரம் பக்கம் எப்படி அடிக்கும் என்று அங்கே காற்றாலை நட்டவர்களைக் கேட்டால் சொல்வார்கள். அந்தக் காற்றில் மெல்லிய பாலியஸ்டர் கொடி ஒரே நாளில் முனை பிரிந்துவிடும். பறக்கும் பக்கத்து ஓரம் மடித்து இரண்டு வரி தையல் போட்டதாக இருக்கட்டும். ஜனவரி 26 அன்று காற்றே இருக்காது. கனத்த கதர் கம்பத்தோடு ஒட்டிக்கொண்டு தொங்கும், மெல்லிய துணிதான் விரியும்.

வாங்கும் முன் சாயத்தையும் சோதியுங்கள். சாயப்பட்டறை ஊரில் இருந்துகொண்டு இதைக் கோட்டைவிடக் கூடாது. ஈரமான வெள்ளைத் துணியைப் பச்சையிலும் காவியிலும் அழுத்தித் தேயுங்கள். நிறம் ஒட்டினால் ஒரு தூறலுக்கு வெள்ளைப் பட்டை திட்டுத் திட்டாகிவிடும். பிளாஸ்டிக் கொடி எந்த அளவிலும் வேண்டாம். கையில் ஆட்டக் குழந்தைகளுக்குக் காகிதக் கொடி கொடுக்கலாம். அதைத் தரையில் போடாமல் திரும்ப வாங்க ஒரு ஆளை இப்போதே சொல்லி வையுங்கள்.

கம்பம், கயிறு, கப்பி

கம்பத்தின் உயரம் கொடியின் நீளத்தைப் போல நான்கு மடங்கு இருந்தால் கண்ணுக்கு லட்சணமாக இருக்கும். 3 அடிக் கொடிக்கு 10 முதல் 12 அடி, 6 அடிக் கொடிக்கு 24 அடி. கயிறு கம்பத்தைப் போல இரண்டு மடங்கும், மேற்கொண்டு 6 அடியும் வேண்டும். பருத்திக் கயிறு பனியில் நனைந்தால் முடிச்சு இறுகும். வழவழப்பான நைலான் கயிற்றில் முடிச்சு பாதி வழியிலேயே அவிழும். பின்னிய பாலியஸ்டர் கயிறு, சுண்டுவிரலில் பாதிக் கனம், இரண்டுக்கும் நடுவில் நிற்கும்.

உச்சியில் உள்ள கப்பிக்கு முந்தின நாளே எண்ணெய் விடுங்கள். ஒரு வருடம் மழையிலும் வெயிலிலும் கிடந்த கப்பி சுற்றாது, கயிறு அதன் ஓரத்தில் இறங்கிச் சிக்கிக்கொள்ளும். கொடி பாதியில் நிற்பதற்கு முக்கால்வாசி இதுதான் காரணம்.

இரும்புக் குழாயை மொட்டை மாடியில் நடுபவர்கள் நிமிர்த்தும் முன் மேலே அண்ணாந்து பார்க்க வேண்டும். மின்கம்பி எவ்வளவு தூரத்தில் போகிறது? குழாய் சாய்ந்து விழுந்தாலும் கம்பியைத் தொடாத இடமாக இருக்க வேண்டும். சந்தேகம் இருந்தால் இடத்தை மாற்றுங்கள். காய்ந்த மூங்கிலாக இருந்தாலும் மின்கம்பியிலிருந்து தள்ளியே நடுங்கள். ஈரக் கயிறும் ஈர மூங்கிலும் மின்சாரத்தைக் கடத்தும்.

கட்சிக் கொடிக்கம்பம் சும்மா நிற்கிறதே, அதிலேயே ஏற்றிவிடலாம் என்ற யோசனை வரும். ஒரே கம்பத்தில் தேசியக் கொடியோடு வேறு எந்தக் கொடியும் பறக்கக் கூடாது. பக்கத்தில் அதைவிட உயரமாகவோ அதற்குச் சமமாகவோ கட்சிக் கொடி, சங்கக் கொடி, கம்பெனிக் கொடி எதுவும் நிற்கக் கூடாது. கம்பத்தின் மேல் மாலை போடக் கூடாது. காகிதத் தோரணத்தைக் கம்பத்தில் கட்டி நாலா பக்கமும் இழுப்பது நம்ம ஊரில் ரொம்பச் சாதாரணம், அதுவும் கூடாது. கோயில் கொடிமரத்துக்குச் செய்கிற மாதிரி எல்லாம் செய்ய வேண்டும் என்று ஆசைப்படுபவர்களுக்குக் கம்பத்தடியில் கோலம் போடும் வேலையைக் கொடுத்துவிடுங்கள்.

கட்டும் முறை

அரசு விழாக்களில் ஒரு வேறுபாடு உண்டு. ஆகஸ்ட் 15 அன்று கொடி கீழிருந்து மேலே ஏற்றப்படும். ஜனவரி 26 அன்று கொடி ஏற்கெனவே உச்சியில் மடித்துக் கட்டப்பட்டிருக்கும், கயிற்றை இழுத்ததும் விரியும். தெருவிலும் பள்ளியிலும் இரண்டு நாட்களுக்குமே மடித்துக் கட்டி விரிப்பதுதான் வழக்கமாகிவிட்டது. அதில்தான் தப்பும் நடக்கிறது, ஆகவே அதை விரிவாகப் பார்ப்போம்.

கப்பியில் கயிற்றைக் கோர்த்து இரு முனைகளையும் கீழே கொண்டுவாருங்கள். கொடியின் கம்பப் பக்கத்து ஓரத்தில் நீளமான குழல் போலத் தைத்து, உள்ளே ஒரு சிறு கயிறு ஓடும். அதன் காவிப் பக்கத்து முனையைக் கப்பிக் கயிற்றின் ஒரு முனையோடு அவிழாத முடிச்சாகக் கட்டுங்கள். பச்சைப் பக்கத்து முனையை மறு முனையோடு கட்டுங்கள். இப்போது கயிறும் கொடியும் சேர்ந்து ஒரே வளையம். கட்டியவர் ஒருவர், சரிபார்ப்பவர் இன்னொருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மடித்த பிறகு எது காவி, எது பச்சை என்று வெளியே தெரியாது. தலைகீழ்க் கொடி பிறப்பது இந்த நிமிடத்தில்தான்.

பிறகு இரண்டு பேர் கொடியை நீட்டிப் பிடிக்க, காவியையும் பச்சையையும் வெள்ளையின் மேல் மடித்து ஒரு நீளப் பட்டையாக்குங்கள். தரையில் விரித்து மடிக்காதீர்கள், மேசை இருந்தால் நல்லது. பறக்கும் முனையிலிருந்து கம்பப் பக்கம் நோக்கிச் சேலைக்குக் கொசுவம் வைப்பது போல ஒரு சாண் அகலத்தில் மாற்றி மாற்றி மடியுங்கள். பாய் சுருட்டுவது போலச் சுருட்டினால் விரிய நேரமாகும், சில சமயம் விரியவே விரியாது. கொசுவ மடிப்புக்குள் இரண்டு கைப்பிடி இதழ்களைத் தூவுங்கள். ரோஜா, செவ்வந்தி எதுவானாலும் காம்பில்லாத உதிரி இதழ், அதுவும் ஈரமில்லாமல். மல்லிகைச் சரம், முழுப் பூ, ஜிகினாத் தாள், மிட்டாய் எதுவும் உள்ளே போகக் கூடாது. கொடிக்குள் எதையும் வைத்துச் சுமக்கக் கூடாது என்பது விதி, பூவிதழுக்கு மட்டும் விலக்கு. ஈர இதழை ராத்திரியே வைத்துக் கட்டினால் காலையில் வெள்ளைப் பட்டையில் கறை ஏறியிருக்கும். ஆகவே இதழ் வைப்பது காலை வேலை.

கடைசியாகச் சுருக்கு. பச்சை முனைக்குக் கீழே தொங்கும் கயிற்றை எடுத்து, மடித்த கொடியை இரண்டு சுற்றுச் சுற்றுங்கள். மூன்றாவது சுற்றுக்குப் பதில், கயிற்றை ஒரு கண்ணியாக மடித்து, சுற்றின் அடியில் பாதி தூரம் செருகுங்கள். தொங்கும் பக்கத்தை இழுத்தால் கண்ணி உருவிக்கொண்டு வர வேண்டும். செருகிய கண்ணி நாலு விரல் நீளம் போதும். அதிகம் செருகினால் இறுகும், குறைந்தால் மேலே ஏற்றும்போதே அவிழும். "எதுக்கும் இருக்கட்டும்" என்று மேலே ஒரு முடிச்சுப் போடும் நல்ல மனிதர் எல்லா ஊரிலும் ஒருவர் இருப்பார். அவரை அன்போடு தள்ளி நிற்கச் சொல்லுங்கள்.

கொடியை உச்சிக்கு ஏற்றி, ஏற்றிய கயிற்றைக் கம்பத்துக் கொக்கியில் எட்டுப் போலச் சுற்றிக் கட்டிவிடுங்கள். மீதி இருக்கும் ஒற்றைக் கயிறுதான் விருந்தினர் இழுக்க வேண்டியது. இரண்டும் ஒரே மாதிரி இருப்பதால் அவர் தப்பான கயிற்றை இழுப்பார். கட்டியவரே பக்கத்தில் நின்று சரியான கயிற்றைக் கையில் கொடுப்பதுதான் ஒரே மருந்து. "வெடுக்குன்னு ஒரே இழுவையா இழுங்க" என்று சொல்லிக்கொடுங்கள். பயந்து மெதுவாக இழுத்தால்தான் சுருக்கு சிக்கும். முந்தின சாயங்காலம் இதழ் இல்லாமல் மூன்று முறை ஒத்திகை பாருங்கள். மூன்றில் ஒன்று சிக்கினாலும் முறையை மாற்றுங்கள்.

கீழிருந்து ஏற்றும் முறை என்றால் விரைவாக ஏற்ற வேண்டும், இறக்கும்போது நிதானமாக இறக்க வேண்டும். ஏற்றத் தொடங்கும்போது ஒருவர் கொடியை இரு கைகளிலும் ஏந்தி நிற்கட்டும், ஆடிக் காற்று அதைத் தரையில் இழுத்துவிடாமல்.

அந்த நிமிடங்கள்

கொடி விரிந்ததும் நாட்டுப்பண். முழுப் பாட்டுக்கு ஏறத்தாழ 52 விநாடி. கொடியைப் பார்த்து, கை பக்கவாட்டில், அசையாமல் நிற்க வேண்டும். சீருடைப் பணியில் இருப்பவர்கள் மட்டும் அவர்கள் முறைப்படி சல்யூட் வைப்பார்கள். செல்போனை நீட்டிப் படமெடுப்பவர்களுக்கு முன்கூட்டியே சொல்லி, ஒருவருக்கு மட்டும் அந்த வேலையைக் கொடுங்கள். ஒலிபெருக்கியில் பாட்டைப் போடுபவர் கொடி விரிவதைப் பார்த்துப் போட வேண்டும், கடிகாரத்தைப் பார்த்து அல்ல.

செருப்பைக் கழற்ற வேண்டுமா என்று கேட்பார்கள். விதித் தொகுப்பில் அப்படி இல்லை, அது நம்ம ஊர்ப் பழக்கம். கழற்றுபவர்கள் கழற்றட்டும். பிள்ளைகளைச் சிமெண்ட் தரையில் ஒன்பது மணி வெயிலில் வெறுங்காலோடு அரை மணி நேரம் நிறுத்த வேண்டியதில்லை.

யார் ஏற்றுவது என்பதில் நம்ம பக்கம் ஒரு விஷயத்தை மூடி மறைக்க முடியாது. ஊராட்சியில் ஏற்ற வேண்டியவர் தலைவர். தலைவர் பட்டியல் சாதியினர் என்பதற்காக வேறொருவர் கையில் கயிற்றைக் கொடுப்பது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வரும் குற்றம். 2022 ஆகஸ்டில் தமிழகத் தலைமைச் செயலர் இது குறித்து ஆட்சியர்களுக்குக் கடிதமே எழுதினார். பொறுப்பாளராக நீங்கள் இருந்தால், தலைவரின் பெயரை அழைப்பிதழிலேயே அச்சிட்டுவிடுங்கள்.

தலைகீழாக விரிந்துவிட்டால்? நாட்டுப்பண்ணைத் தொடங்காதீர்கள். நிதானமாக இறக்கி, மாற்றிக் கட்டி, மறுபடி ஏற்றுங்கள். இரண்டு நிமிடம் ஆகும். தெரிந்தும் அப்படியே விட்டுவிட்டு நிகழ்ச்சியை நடத்துவதுதான் தப்பு. கை தவறித் தரையில் விழுந்தால் உடனே எடுத்துத் தூசி தட்டுங்கள். கிழியவில்லை, கறை இல்லை என்றால் அதையே ஏற்றலாம். பரிகாரம் எதுவும் தேவையில்லை.

சுவரில், மேடையில், வண்டியில்

கிடைமட்டமாகச் சுவரில் மாட்டினால் காவி மேலே. செங்குத்தாகத் தொங்கவிட்டால் குழப்பம் வரும்: எதிரில் நின்று பார்க்கும் உங்கள் நொட்டாங்கைப் பக்கம் காவி இருக்க வேண்டும், சோத்தாங்கைப் பக்கம் பச்சை. பால்கனியிலிருந்து சாய்வாக நீட்டும் குச்சியில் காவி வெளி முனைப் பக்கம். மேடையில் கம்பத்தோடு வைத்தால், கூட்டத்தைப் பார்த்து நிற்கும் பேச்சாளரின் சோத்தாங்கைப் பக்கம். பின்சுவரில் என்றால் அவர் தலைக்கு மேலே. மேசை விரிப்பாகவோ திறப்பு விழாச் சிலைக்கு மூடு துணியாகவோ போடக் கூடாது. கொடியில் எந்த எழுத்தும் கூடாது, நன்கொடை கொடுத்தவரின் பெயர் உட்பட.

காரில் கொடி பறக்கவிடும் உரிமை குடியரசுத் தலைவர், ஆளுநர், அமைச்சர்கள், நீதிபதிகள் என்று விதித் தொகுப்பில் பட்டியலிட்ட பதவிகளுக்கு மட்டுமே. வண்டியின் முன்பக்கத்திலோ கூரையிலோ பின்னாலோ கொடியைப் போர்த்தும் உரிமை யாருக்குமே கிடையாது.

பிரிண்டிங் பட்டறை வைத்திருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். இடுப்புக்குக் கீழே அணியும் எதிலும் கொடி வரக் கூடாது. தலையணை உறை, கைக்குட்டை, உள்ளாடை, ஆடைத் துணி எதிலும் கொடியை அச்சடிப்பதும் பூவேலை செய்வதும் சட்டத்தில் அவமதிப்பாகவே வருகிறது. ஆர்டர் எவ்வளவு பெரியதாக இருந்தாலும், சக்கரத்தோடு முழுக் கொடி கேட்டால் வேறு டிசைன் காட்டுங்கள்.

இறக்கிய பிறகு

2022 ஜூலை திருத்தத்துக்கு முன் சூரிய உதயம் முதல் அஸ்தமனம் வரைதான். இப்போது வீட்டிலோ திறந்த வெளியிலோ பொதுமக்கள் ஏற்றும் கொடி இரவிலும் பறக்கலாம். ஆனாலும் தினமும் பார்த்துக்கொள்ள ஆள் இல்லையென்றால் சாயங்காலமே இறக்கிவிடுவது உத்தமம். கிழிந்த, வெளுத்த, கசங்கிய கொடியைப் பறக்கவிடுவதும் விதிமீறல்தான், காற்று யாரையும் கேட்டுக்கொண்டு அடிப்பதில்லை. 'வீட்டுக்கு வீடு மூவர்ணம்' என்ற அரசு இயக்கத்துக்காக ஏற்றிய கொடிகளில் பல, மூன்று நாள் முடிந்தும் இறங்காமல் மாடிக் கைப்பிடியிலேயே நூல் நூலாகப் போனதைத் தெருத் தெருவாகப் பார்க்கலாம்.

பறக்கும் ஓரம் பிரிந்திருந்தால் அந்த இடத்தைத் தைக்கலாம். பிய்ந்த பகுதியை வெட்டிவிட்டு மறுபடி ஓரம் அடிக்காதீர்கள், 3க்கு 2 கணக்கு போய்விடும். நனைந்திருந்தால் நிழலில், வீட்டுக்குள் உலர்த்துங்கள். துணி காயப்போடும் கயிற்றில் ஜட்டி பனியனோடு சேர்த்துக் காயப்போட வேண்டாம்.

மடிக்க: கொடியைக் கிடைமட்டமாக மேசையில் விரியுங்கள். காவியையும் பச்சையையும் வெள்ளைக்கு அடியில் மடியுங்கள். இப்போது மேலே வெள்ளைப் பட்டை மட்டும் தெரியும். இரு முனைகளையும் நடுவை நோக்கி மடித்து, சக்கரமும் காவி, பச்சையின் சிறு பகுதியும் மட்டும் தெரியும்படி செய்யுங்கள். இரு உள்ளங்கைகளிலோ முன்கைகளிலோ ஏந்தி எடுத்துப் போய்ப் பீரோவில் வையுங்கள். பாலிதீன் பையில் காற்றுப் புகாமல் கட்டினால் பூசணம் பிடிக்கும், வெள்ளைத் துணியில் சுற்றினால் பிடிக்காது. இரண்டு வேப்பிலைக் கொத்து போதும், அந்துருண்டை கறை விடும்.

இனி ஏற்ற முடியாது என்ற நிலைக்கு வந்த கொடியை முழுதாக, தனிமையில், எரிப்பதோ மரியாதை குறையாத வேறு வழியில் அழிப்பதோதான் முறை. வாசலில் வைத்துப் படமெடுத்துக்கொண்டு எரிப்பது முறையல்ல. பாலியஸ்டர் உருகி ஒட்டும், புகையும் கெடுதல். அதைச் சுத்தமான துணியில் சுற்றி, கால்படாத இடத்தில் ஆழமாகப் புதைத்துவிடலாம். கிழித்துத் துண்டாக்கி மெஷின் துடைக்கும் வேஸ்ட் துணி மூட்டையில் போட்டுவிடாதபடி கம்பெனியில் சொல்லி வையுங்கள். கட்டிங் டேபிளுக்கு அடியில் கிடக்கும் மூட்டைக்குள் எது போகிறது என்று யாரும் பார்ப்பதில்லை. விழா முடிந்த சாயங்காலம் மைதானத்தை ஒரு சுற்று சுற்றி, பிள்ளைகள் விட்டுப்போன காகிதக் கொடிகளையும் குண்டூசிக் கொடிகளையும் பொறுக்கி எடுங்கள். மறுநாள் காலை கூட்டுபவர் வரும் வரை விட்டுவைத்தால் அவை குப்பையோடு குப்பையாகப் போய்விடும்.